பெட்ரோல் குழாயின் முதுமை



மோட்டார் வண்டி ஒன்று இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டால், அதன் சொந்தக்காரர் எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிறார். பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுகிறார். வர்ணம் மங்குவதற்கும் கவலைப்படுகிறார். தொட்டியிலிருந்து எஞ்சின் வரை பெட்ரோலைச் சுமந்து செல்லும் குழாயைப் பற்றி மட்டும் அநேகமாக எவரும் நினைப்பதில்லை. அது கண்ணில் படுவதில்லை, ஓசையும் எழுப்புவதில்லை. ஆயினும் பழைய வண்டி ஒன்று நடுவழியில் தீப்பற்றி எரிந்தால், காரணம் தேடிப் பார்க்க வேண்டிய முதல் இடங்களுள் இக்குழாயும் ஒன்று.

நாம் வாழும் அம்பர்நாத்தில், 1060ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கிய சிவாலயம் ஒருபுறம் இருக்கிறது. படைக்கலத் தொழிற்சாலை மறுபுறம் இருக்கிறது. யந்திரங்களோடு பழகிய ஊராதலால், பழைய வண்டியைத் தம் கையாலேயே பழுது பார்க்கும் ஆர்வலர்களுக்கு இங்கே குறைவில்லை. இவர்களுள் பலர் தொழில் கற்றது பிரீமியர் பத்மினியில். குர்லாவில் உருவாகி, மும்பையின் டாக்சியாக ஓடி, 2023 அக்டோபரில் விடைபெற்ற அந்த வண்டியில் பெட்ரோலின் அமுக்கம் சதுர அங்குலத்துக்குச் சில ராத்தல்களே. அதன் குழாய் வெடித்தால் கிடைத்த குழாயை மாட்டி, கம்பியால் முறுக்கி, வீடு போய்ச் சேரலாம். அந்தப் பழக்கத்தை டர்போ வண்டிக்குக் கொண்டுவருவதுதான் ஆபத்து.

2004இல் நம் நாட்டுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். போன்ற வண்டிகள் இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டன. விலை இறங்கியதால், வேகத்தை விரும்பும் இளைஞர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இத்தகைய எஞ்சினில், வெளியேறும் புகையின் விசையால் சுழலும் சக்கரம் ஒன்று புதுக் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. கடும் ஓட்டத்தில் அந்தச் சக்கரத்தின் உறை சிவக்கக் காய்ந்துவிடும். அதே அறையிலேயே, சதுர அங்குலத்துக்கு நாற்பது ராத்தலுக்கு மேற்பட்ட அமுக்கத்தில் பெட்ரோல் பாய்கிறது. பத்மினியில் சொட்டியது இங்கே பனித்திவலை போலப் பீறிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அமுக்கத்தைச் சீராக்கும் கருவி எஞ்சினுக்கு அருகில் அமைந்த பழைய வகை வண்டிகளில், டர்போ காற்றைத் தள்ளத் தள்ள பெட்ரோலின் அமுக்கமும் அதே அளவு உயர்த்தப்படுகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போதோ அமுக்கம் குறைந்திருக்கிறது. ஆகவே, முற்றத்தில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, விளக்கடித்துப் பார்த்து, ‘கசிவு இல்லை’ என்று சொல்லும் சோதனை பாதிச் சோதனையே. முர்பாட் கடந்து மால்ஷேஜ் மலைப்பாதையில் முழு விசையுடன் ஏறும்போது குழாய் படும் பாடு வேறு. நம் நண்பர் ஒருவரின் வண்டியில் நடந்தது இதுதான். பட்டறைக்காரர் கசிந்த ஆறு அங்குலத் துண்டை மட்டும் மாற்றி, பணத்தை மிச்சப்படுத்தித் தந்தார். இரண்டு மாதத்தில் அடுத்த துண்டு கசிந்தது. மலை ஏறும்போது மட்டும் பெட்ரோல் வாடை வீசியது. நல்லவேளையாக வண்டியில் இருந்த அவர் மனைவி அந்த வாடையைப் பொருட்படுத்தினார். ‘பழைய வண்டி என்றால் வாடை இருக்கத்தான் செய்யும்’ என்பது நண்பரின் சித்தாந்தமாக இருந்தது.

ரப்பர் ஏன் கெடுகிறது? அதை வளையச் செய்வதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள்களைப் பெட்ரோல் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துவிடுகிறது. எஞ்சின் உஷ்ணம் ரப்பரை இறுக வைக்கிறது. காற்றிலுள்ள ஓசோன் மேற்பரப்பைப் பிளக்கிறது. இவற்றோடு இப்போது எத்தனாலும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் 2022இல் பத்து சதவீதத்தை எட்டியது. 2025இல் இருபது சதவீதமாயிற்று. பழைய ரப்பரை எத்தனால் ஊதச் செய்யும். வண்டி நாட்கணக்கில் நின்று குழாய் உலர்ந்தால் அது சுருங்கி வெடிக்கும். சில பழைய வண்டிகளில் இருபதாயிரம், முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் ரப்பர் உறுப்புகள் சிலவற்றை மாற்ற நேரலாம் என்றும், அதற்கு அதிகச் செலவாகாது என்றும் பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் கூறியது. அரசாங்க அறிக்கைகளை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் நமக்கு, ‘அதிகச் செலவாகாது’ என்னும் தொடரைக் கண்டால் சற்று நின்று யோசிக்கத் தோன்றும். குழாயின் விலை சொற்பம்தான். தொட்டியை இறக்கி ஏற்றும் கூலி அப்படியல்ல.

சரியான குழாயைத் தேர்ந்தெடுப்பதே இந்த வேலையில் பாதி. குழாயின் மேல் அதன் தரம் அச்சிடப்பட்டிருக்கும். ‘எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்6’ அல்லது ‘ஆர்7’ என்றிருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கு உரியது. ஐம்பது ராத்தல் அமுக்கத்துக்கே வகுக்கப்பட்டது. டர்போ வண்டிக்கு ‘ஆர்9’ வேண்டும். அது நூறு ராத்தலைத் தாங்கும். உட்புறம் ஃப்ளோரின் கலந்த ரப்பர் பூசியதாகக் கேட்டு வாங்கினால் எத்தனாலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. தொட்டிக்குள் பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு ஆர்9 உதவாது. அதன் மேலுறை வெளியிலிருந்து ஊறிக் கெட்டுவிடும். அதற்கு ‘ஆர்10’ என்னும் தனி வகை இருக்கிறது. கடையில் தொங்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை எக்காரணத்தாலும் மாட்டலாகாது. அச்சு இல்லாத குழாயையும், எவ்வளவு பளபளத்தாலும், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

வேலையை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, திறந்த வெளியில் தொடங்க வேண்டும். பெட்ரோல் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட்டால் குழாயிலுள்ள அமுக்கம் தணியும். அது மறுபடி ஆறிய பின்பு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். அப்போதும் மூட்டைத் துணியால் சுற்றிக்கொண்டே பிரிக்க வேண்டும். எஞ்சிய பெட்ரோல் கண்ணில் தெறிக்கக் கூடும். உலர்தூள் தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரேயடியாகக் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டினால், போவதும் வருவதும் மாறிப்போகாது.

திருகைச் சுற்றினால் பல்லுப் பல்லாக இறுகும் சாதாரணக் கிளிப்பு ரப்பரை அறுத்துவிடும். விளிம்பு மடிந்த, உட்புறம் வழுவழுப்பான பட்டையுள்ள கிளிப்பே தக்கது. குழாய் டர்போவின் பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்வதும், நெருங்கிப் போகும் இடத்தில் உஷ்ணம் தடுக்கும் உறை மாட்டுவதும் அவசியம். வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் குழாயையும் இதே சமயத்தில் சோதிக்கலாம். நம் பக்கத்து மழையில், தாங்கிகளுக்குள் சேறு தங்கி, அந்த இடத்தில்தான் அது முதலில் துருப்பிடிக்கிறது. பெட்ரோல் வடிகட்டியையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். பழைய ரப்பரின் துகள்கள் அங்கேதான் போய் அடைந்திருக்கும்.

பிறகு ஃப்யூஸையும் பேட்டரியையும் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் நாலைந்து முறை திருப்பினால் பம்பு அமுக்கத்தை ஏற்றும். ஒவ்வொரு மூட்டிலும் உலர்ந்த காகிதத்தை ஒற்றிப் பார்க்க வேண்டும். ஈரம் இல்லையென்றால் கிளப்பலாம். முதல் நீண்ட ஏற்றத்துக்குப் பின்னும், ஒரு வாரம் கழித்தும் அதே காகிதச் சோதனையைச் செய்ய வேண்டும். கழற்றிய பழைய குழாயை ‘அவசரத்துக்கு உதவும்’ என்று டிக்கியில் போட்டுவைப்பவர் உண்டு. அதை எடுத்து இரண்டாக வளைத்துப் பார்க்கலாம். வெளியே வழுவழுப்பாகத் தோன்றியதன் மடிப்பில் எத்தனை வெடிப்புகள் என்பதை எண்ணலாம்.