சிறு அலுவலகங்களும் ஒருங்கிணைந்த மென்பொருளும்

பெங்களூருவில் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் பகுதிகளுள் விவேக் நகரும் ஒன்று. இத்தகைய பகுதிகளில் இரண்டு மூன்று பேரைக் கொண்டே இயங்கும் அலுவலகங்கள் பல உண்டு. கட்டடக் கலைஞர், வழக்கறிஞர், ஆடிட்டர் எனத் தொழில் எதுவாயினும் நடைமுறை ஒன்றுதான்: கடிதங்கள் கணினியில், வரவு செலவு நோட்டுப் புத்தகத்தில், வாராக் கணக்கு உரிமையாளரின் நினைவில்!

ஒரு கட்டடக் கலைஞர் ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் தயாரித்து அளித்து, 1,00,000 ரூபாய்க்குப் பில் அனுப்புவதாகக் கொள்க. சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம் சேர்த்துத் தொகை 1,18,000 ஆகிறது. அந்நிறுவனம் வருமான வரிக்கென 10,000 ரூபாயைப் பிடித்தம் செய்து, மீதி 1,08,000 ரூபாயை அளிக்கும். இந்த ஒரே பில் வாடிக்கையாளரின் பேரேட்டிலும், வரி விவர அறிக்கையிலும், பிடித்தக் கணக்கிலும், நிலுவைப் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். கையால் நான்கு முறை எழுதும்போது ஓரிடத்தில் பிழை நேர்வது இயல்பே. ஒருங்கிணைந்த மென்பொருளில் பதிவு ஒருமுறைதான். மற்ற இடங்களுக்கு அது தானே சென்று சேரும்.

இதில் நேரச் சேமிப்பைவிட முக்கியமானது பணம். பில் எழுதிய பின், வாடிக்கையாளர் பணம் தராவிடினும் 18,000 ரூபாய் வரியை உரிய காலத்தில் செலுத்தியாக வேண்டும். பிடித்தம் செய்த 10,000 ரூபாய் அரசுக் கணக்கில் சேர்ந்ததா என்று ஒப்பிட்டுப் பாராதவர் அதை இழக்கவும் நேரிடும். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆயினும் எந்த பில்லுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்பதே தெரியாதவர் இவ்வுரிமையை எவ்வாறு கோர இயலும்?

இத்துறையில் முன்னோடி முயற்சி ஒன்று பெங்களூருவிலேயே பிறந்தது. ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உறுப்புகளும் வழங்கிவந்த ஷியாம் சுந்தர் கோயங்கா, தம் வணிகத்துக்கு ஏற்ற கணக்கு மென்பொருள் கிடைக்காமையால், கணிதப் பட்டதாரியான மகன் பரத்தை எழுதப் பணித்தார். 1986இல் தோன்றிய பியூட்ரானிக்ஸ் நிறுவனம் 1999இல் டேலி சொல்யூஷன்ஸ் எனப் பெயர் பெற்றது. கணக்குகளுக்குக் குறியீட்டு எண் தேவையில்லை, பெயரே போதும் என்ற எளிமை, கணினி அறியாத குமாஸ்தாக்களையும் ஈர்த்தது. பரத் கோயங்காவுக்கு 2020இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

விலையை எண்ணித் தயங்குவோர் உண்டு. ஆண்டு வருவாய் 1.5 கோடி ரூபாய்க்கு உட்பட்டோருக்கு இலவசக் கணக்கு மென்பொருள் வழங்கும் ஏற்பாட்டை 2019இல் சரக்கு, சேவை வரி வலைப்பின்னல் நிறுவனம் செய்தது. விலையினும் பெரிய இடர் வேறு. ஒருமுறை செய்த தவறான பதிவு எல்லாக் கணக்குகளிலும் அப்படியே பரவிவிடும். எல்லாம் ஒரே கணினியில் இருக்கையில் அது பழுதானால் அலுவலகமே நின்றுவிடும். எனவே பதிவு செய்பவர் ஒருவராகவும் சரிபார்ப்பவர் மற்றொருவராகவும் இருத்தல் நலம். நாள்தோறும் அலுவலகம் அடைக்குமுன் நகல் ஒன்று எடுத்து வேறிடத்தில் வைத்தலும், அந்நகல் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறையேனும் பார்த்தலும் உரிமையாளரே ஏற்க வேண்டிய வேலைகள்.