அரசோடு பேசும் வழிகள்



திருவரங்கம் கோயிலின் மதில்களிலும் மண்டபச் சுவர்களிலும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பிராகாரங்களை வலம் வரும்போது அவற்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். எழுத்து பழைய எழுத்து. ஆதலின் குற்றம் உங்களுடையதன்று. அவற்றுள் பெரும்பாலானவை நிலக்கொடை, வரி நீக்கம், விளக்கெரிக்க வைத்த பொருள் ஆகியவற்றைப் பற்றிய ஆவணங்களே. எந்த மன்னனுடைய எத்தனையாவது ஆட்சியாண்டு, கொடுத்தவர் யார், பெற்றவர் யார், நிலத்தின் நான்கெல்லை எவை என்னும் செய்திகளை அவற்றில் காணலாம். அரசன் சொன்ன சொல் சுவரில் ஏறிவிட்ட பிறகு, பின்னால் வரும் அதிகாரி அதனை மறுப்பது எளிதன்று. ஊரார் சுவரைக் காட்டிக் கேட்பார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சமூக ஊடகத்தின் வழியாக அரசும் குடிமக்களும் உரையாடுவது பற்றியதாகும். அதற்குக் கல்வெட்டில் தொடங்குவானேன் என்று நீங்கள் கேட்கலாம். அரசுக்கும் மக்களுக்கும் இடையே நடக்கும் பேச்சு எங்கே பதிவாகிறது, அப்பதிவுக்குக் கட்டுப்பட்டவர் யார் என்னும் வினா அக்காலத்தில் இருந்தது; கைப்பேசிக் காலத்திலும் இருக்கிறது. அதனாலேயே அங்கிருந்து தொடங்கினேன்.

சுவரெழுத்தைப் படிக்க இயலாதவர்க்குத் தண்டோரா இருந்தது. அறிவிப்பவன் தெருமுனையில் நின்று சொல்லிவிட்டுப் போவான். கேட்டவர் எதிர்க்கேள்வி கேட்க அங்கே வழியில்லை. பறையடிக்கும் பணியை ஒரு சாரார் தலைமேல் சுமத்திய இழிவும் அவ்வழக்கத்தோடு ஒட்டியிருந்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழகத் தலைமைச் செயலாளர், இனித் தண்டோரா கூடாது, ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைக் கொண்டே அறிவிக்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். மிகத் தாமதமாக வந்த ஆணைதான். எனினும் நல்ல ஆணை.

இடையிலே வானொலி வந்தது. திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் தொடங்கப்பெற்றது. 1960களில் இந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பைக் கேட்டுத் தஞ்சை மாவட்ட உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் புதிய நெல்லைப் பயிரிட்டார்கள். அந்த நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ஆராய்ச்சி நிலையத்தில் விளைந்த அறிவு வயலுக்குச் சென்ற கதை அது. எனக்கு மிகவும் பிடித்த கதை. ஆயினும் உழவர் திருப்பிப் பேச விரும்பினால் அஞ்சலட்டை வாங்கி எழுதிப் போட்டுவிட்டு நாள் எண்ணிக் காத்திருக்க வேண்டும்.

சமூக ஊடகம் இந்தக் காத்திருப்பை நீக்கியது. அதைவிடப் பெரிய மாறுதல் ஒன்றையும் செய்தது. முன்பு ஆட்சியரிடம் ஒருவர் கொடுத்த மனுவை அவரும் அலுவலக எழுத்தரும் மட்டுமே அறிவர். இப்போதோ கேட்பவரையும் விடையளிப்பவரையும் ஊரே சுற்றி நின்று பார்க்கிறது. வெளியுறவு அமைச்சராக 2014 முதல் 2019 வரை இருந்த சுஷ்மா சுவராஜ் அவர்கள், அயல்நாடுகளில் இடருற்றவர்கள் டுவிட்டரில் எழுதிய வேண்டுகோள்களுக்குத் தாமே விடையளித்துப் பெயர் பெற்றார். அந்த டுவிட்டர் 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறியது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றது. அதற்குச் சில நாள் முன்புதான் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்திருந்தன. மறுநாள் நாளேடு வருமுன்பே இக்காட்சிகள் கைப்பேசிகளில் வந்துவிட்டன. திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டு 2023 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, எந்த வழியாகச் செல்வது என்னும் செய்தியைப் பலர் வாட்ஸ்அப்பிலேயே அறிந்துகொண்டனர். இவ்வகையில் இந்தக் கருவியின் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் இங்கே ஒரு குறை இருக்கிறது. ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பது நம் பழமொழி. சமூக ஊடகத்தில் உரக்க அழுத பிள்ளைக்கே பால் கிடைக்கிறது. ஆயிரம் பேர் பகிர்ந்த குப்பைமேட்டின் படத்துக்கு அன்று மாலையே வண்டி வரும். பகிர்வோர் இல்லாத தெருவின் குப்பை அங்கேயே கிடக்கும். தாய்க்கு இது பொருந்தலாம், அரசுக்குப் பொருந்தாது. அழத் தெரியாத பிள்ளையும் அரசின் பிள்ளைதான்.

மனு என்பதன் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தால் அதற்கு ஓர் எண் இடப்படுகிறது; உரிய துறைக்கு அஃது அனுப்பப்படுகிறது. மேலும் செல்ல விரும்பினால் தகவல் பெறும் உரிமைச் சட்டம் உண்டு. தமிழ்நாடு 1997ஆம் ஆண்டிலேயே இப்பொருளில் தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் வந்தது. அதன்படி கேட்ட தகவலுக்கு 30 நாளுக்குள் விடை தரவேண்டும். உயிரும் உரிமையும் தொடர்பானதாயின் 48 மணி நேரத்துக்குள் தரவேண்டும். தராவிடில் மேல்முறையீடு செய்யலாம். முகநூலில் எழுதிய வரிக்கு இவற்றுள் எதுவும் இல்லை. பார்த்ததாகவே அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நாளை வேறொரு செய்தி வந்து அதனைக் கீழே தள்ளிவிடும். காவிரியில் விட்ட வெற்றிலை போல அது போய்விடும்.

இதன் கடுமையை நம் மாவட்டமே ஒருமுறை அனுபவித்தது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் மாலை, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஒன்று, பயனின்றிக் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. மீட்புப் படையினர் இரவு பகலாக உழைத்தனர். பக்கத்திலேயே பாறையைக் குடைந்து இன்னொரு குழி தோண்டினர். நாட்டின் பிரதமர் உட்பட எண்ணற்றோர் டுவிட்டரில் பிரார்த்தனையை எழுதினர். இடையில் தீபாவளி வந்தது. பல இல்லங்களில் அது திருநாளாக இல்லை. 29ஆம் நாள் விடியுமுன் குழந்தையின் உடலைத்தான் எடுக்க முடிந்தது.

அந்த நான்கு நாள்களில் அரசும் மக்களும் சமூக ஊடகத்தில் பேசிக்கொண்டது போல் முன்பு பேசியதில்லை என்றே சொல்லலாம். மக்களின் கவலையில் பொய்யில்லை. அதிகாரிகளின் உழைப்பிலும் பொய்யில்லை. ஆயினும் அதற்கு 9 ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், உச்ச நீதிமன்றம் இப்பொருளைப் பற்றித் தெளிவான நெறிமுறைகளை வகுத்திருந்தது. கிணறு தோண்டுமுன் 15 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் தரவேண்டும். சுற்றிலும் முள்வேலி இடவேண்டும். குழாயின் வாயை இரும்புத் தகட்டால் மூடவேண்டும். கைவிட்ட கிணற்றைக் களிமண், மணல், கல் கொண்டு அடிமுதல் நிரப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் இதனைக் கண்காணிக்க வேண்டும். இவையெல்லாம் தாளில் இருந்தன. குழந்தை விழுந்த பிறகு தமிழகமெங்கும் திறந்த கிணறுகளை மூடும் பணி முடுக்கிவிடப்பட்டது. அக்டோபர் 24ஆம் நாளன்றும் அக்கிணறுகள் திறந்துதான் கிடந்தன; அவற்றைக் கடந்து நாள்தோறும் மக்கள் நடந்தார்கள். அவர்கள் கையிலும் படமெடுக்கும் கைப்பேசி இருந்தது.

உயிர்ச்சேதம் இல்லாத ஓர் எடுத்துக்காட்டு திருவரங்கத்திலேயே உண்டு. 2023 ஆகஸ்டு 5ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் கிழக்கு வாசல் கோபுரத்தின் முதல் நிலையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத வேளை. பகலில் விழுந்திருந்தால் என்னாகும் என்று நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. அக்கோபுரத்தில் விரிசல் இருந்தது முன்னரே அறியப்பட்டிருந்தது. இடிபாட்டின் படத்தை உலகெங்கும் உள்ள தமிழர்கள் பார்த்தனர். விரிசலுக்கு அத்தனை கண்கள் வாய்க்கவில்லை.

இனி, பேசுவதற்கு அஞ்சும் நிலையைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலம் பால்கரில், தலைவர் ஒருவரின் மறைவையொட்டி ஊர் அடைக்கப்பட்டதைக் கேள்வி கேட்டு முகநூலில் எழுதியதற்காக இரண்டு இளம்பெண்கள் கைது செய்யப்பட்டனர். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் அதற்குக் கருவியாயிற்று. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சு 24ஆம் நாள் அப்பிரிவையே செல்லாதென்று நீக்கியது. அமெரிக்காவிலும் இவ்வகைச் சிக்கல் எழுந்தது: மிச்சிகன் மாநிலத்து நகராட்சி மேலாளர் ஒருவர் தம் முகநூல் பக்கத்தில் குறைகூறிய குடிமகனைத் தடைசெய்தார். அவ்வழக்கில் 2024இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அரசின் சார்பில் பேச உண்மையான அதிகாரம் பெற்று, அவ்வதிகாரத்தைக் கொண்டே அவர் அப்பக்கத்தில் பேசினாரா என்று பார்க்கவேண்டும் என்றது. அலுவலர் பேசுவது எப்போது அரசின் பேச்சு, எப்போது தனிமனிதரின் பேச்சு என்பது நம் நாட்டிலும் தெளிவாக வேண்டிய செய்தியே. இங்கே 2012இல் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், பேசுபவர் இன்னார் என்பதும் அவருக்குள்ள அதிகாரமும் தெளிவாயிருக்க வேண்டும் என்று கூறுகின்றன. பல அரசுப் பக்கங்களைத் திறந்தால் விழாப் படங்களே கண்ணிற்படுகின்றன. மாலையும் பொன்னாடையும் தெரிகின்றன. கீழே குடிமக்கள் கேட்ட கேள்விகள் விடையின்றி வரிசையாய் நிற்கின்றன. தண்டோராவை நிறுத்திவிட்டோம் என்று இனியும் சொல்லிக்கொள்ளலாமா என எனக்கு ஐயம் எழுவதுண்டு.

மக்கள் பக்கத்திலும் பிழை இல்லாமலில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்ச் செய்தியால், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிவந்த முதிய பெண்மணி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். காவல்துறை அதே கருவியின் மூலம் மறுப்புரைக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐவருக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டது. அறிவிப்புத் தர அரசு தாமதித்தால், அந்த இடைவெளியில் வதந்தி நுழைந்துவிடுகிறது.

ஆதலின், பள்ளிக்குச் செல்லும் வழியில் மூடியில்லாத கிணற்றையோ மின்கம்பி தொங்கும் கம்பத்தையோ கண்டால் என்ன செய்யலாம்? படமெடுங்கள், தெருவின் பெயரையும் நாளையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். பெற்றோர் வாயிலாகவோ ஆசிரியர் வாயிலாகவோ மனுவாகக் கொடுத்து எண்ணைப் பெறுங்கள். பிறகு அந்த எண்ணையும் சேர்த்துச் சமூக ஊடகத்தில் வெளியிடுங்கள். எண்ணோடு வரும் படத்தை அலுவலகம் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கைப்பேசியில் எழுதத் தெரியாதவர்கள் இன்னும் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோன பாட்டிக்கு டுவிட்டர் என்றால் என்னவென்று தெரியாது. உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், நல்ல கையெழுத்து வாய்த்த நீங்கள் அவருக்காக அந்த மனுவை எழுதிக் கொடுங்கள். கொடுத்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கி அதனைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுமுறை அலுவலகத்துக்குப் போகும்போது அங்கே முதலில் கேட்கப்போவது அந்த எண்ணைத்தான்.