தாய் உடலில் தூங்கும் புழு



அரியானா மாநிலம் முர்ரா எருமைக்குப் பேர் பெற்றது. அங்கே எருமை ஈன்றால் வீட்டில் மகிழ்ச்சி. அங்கு மட்டுமா? எருமை வளர்க்கும் எல்லா ஊரிலும் அப்படித்தான்.

ஆனால் சில கன்றுகள் மூன்று வாரத்தில் வாடிவிடுகின்றன. வயிறு பானை போல உப்புகிறது. சாணம் வெளுத்து, களிமண் போலக் கழிகிறது. கெட்ட வாடை வீசுகிறது. சில கன்றுகள் இறந்தும் போகின்றன. கண் பட்டுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். கண் படவில்லை. வயிற்றில் உருண்டைப் புழு இருக்கிறது.

கன்று இன்னும் புல்லே தின்னவில்லை. பிறகு புழு எப்படி வந்தது? தாயிடமிருந்து வந்தது.

தாய் எருமை தீவனத்தோடு புழு முட்டையை விழுங்குகிறது. முட்டை பொரிந்து குஞ்சுப் புழு வருகிறது. அது தாயின் சதைக்குள் போய்த் தூங்குகிறது. பல மாதம் தூங்கும். தாய்க்கு ஒரு தொல்லையும் இல்லை. சாணத்தைச் சோதித்தாலும் தெரியாது.

ஈனும் காலம் நெருங்குகிறது. தாய் உடலில் ஹார்மோன்கள் மாறுகின்றன. ஹார்மோன் என்பது சுரப்பிகள் இரத்தத்தில் விடும் நீர். மடியில் பால் ஊற வைப்பதும் ஹார்மோன்தான். இந்த மாற்றமே புழுவை எழுப்புகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விழித்த புழு மடிக்குப் போகிறது. பாலோடு கன்றின் வயிற்றுக்குள் இறங்குகிறது. புழுவுக்கும் நேரம் பார்க்கத் தெரிகிறது!

நாயிடமும் இப்படி ஒரு புழு உண்டு. அது குட்டி பிறக்கும் முன்பே, கருவிலேயே குட்டிக்குள் போய்விடும்.

அப்படியானால் சீம்பாலைக் கறந்து கொட்டிவிடலாமா? கூடவே கூடாது! நோயை எதிர்க்கும் சக்தி கன்றுக்குச் சீம்பாலில்தான் கிடைக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் ஊட்ட வேண்டும். சீம்பால் இல்லாத கன்று வேறு நோயில் போய்விடக்கூடும்.

தாய்க்குப் புழு மருந்து கொடுத்தால் போதுமா? தூங்கும் புழுவை அந்த மருந்து எளிதில் கொல்லாது. மருந்து கன்றுக்குத்தான் வேண்டும். பிறந்த 10 முதல் 16 நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போது புழு சிறியது. முட்டையிடத் தொடங்கியிருக்காது.

விட்டுவிட்டால் பெண் புழு தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அவை சாணத்தோடு தரையில் விழும். ஈர மண்ணில் பல மாதம் கிடக்கும். அதனால் கன்றின் சாணத்தை உடனே அள்ளி எருக்குழியில் போட்டு மூடுங்கள். தாயின் தீவனத்தைக் கன்று கட்டும் தரையில் கொட்டாதீர்கள்.