கதிரையில் இருத்தி எடுத்த படம்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மலரின் ஒளிப்படக் குழு சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு மலருக்குப் படம் சேர்க்கும் பொறுப்பை எங்களிடம் தந்தபோது அதை இலேசான வேலை என்றுதான் நினைத்தோம். எங்கள் ஐவருள் ஒருத்திக்கு மட்டுமே ஒழுங்காகக் கமரா பிடிக்கத் தெரியும். அவளும் தொழிலாகச் செய்பவள் அல்லள். வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆசைக்குப் படம் எடுப்பவள். மற்ற நால்வரும் யன்னல் திறப்பதற்கும் திரை பிடிப்பதற்கும் கதிரை தூக்குவதற்கும் போனவர்கள்.

முதலில் பழைய படங்களைத் தேடினோம். 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளின் அல்பங்கள் போய்விட்டன. எஞ்சியவற்றைப் பலர் அன்போடு அனுப்பி வைத்தீர்கள். அவற்றுள் ஒன்று விடுதி மாணவிகளின் குழுப்படம். இருப்பவர்கள், நிற்பவர்கள் என்று வரிசை பிரித்து, தலைப்பெழுத்தும் பிசகாமல் எல்லாப் பெயரும் அச்சிட்டிருந்தது. வலது ஓரத்தில் வெள்ளைச் சேலையோடு நிற்கும் ஒருவருக்கு மட்டும் ‘விடுதி ஊழியர்’ என்று போட்டிருந்தது. அவர் யாரென்று மூத்த சகோதரிகள் பலரைக் கேட்டோம். “நல்ல மனுசி, பசியெண்டு போனால் வெறுங்கையோடை அனுப்பமாட்டா” என்றார்கள். பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.

அன்றுதான் ஒரு முடிவுக்கு வந்தோம். அதிபர்கள், ஆசிரியர்கள் படங்களோடு, இந்தக் கல்லூரியைத் தங்கள் கைகளால் நடத்திய ஊழியர்களின் படங்களும் மலரில் வரவேண்டும். முதலாவதாக, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விடுதிச் சமையலறையில் நின்று ஓய்வுபெற்ற அக்காவைக் கேட்பதென்று தீர்மானித்தோம்.

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்லுமுன், இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவை நாம் எல்லோரும் வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அந்தக் கமரனுக்கு ஒரு மனைவி இருந்தார் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவர்தான் ஜூலியா மார்கிரட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில், 1863ஆம் ஆண்டு முடிவில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு தாய், பொழுதுபோக்காகத் தொடங்கியவர், இன்று உலகின் தலைசிறந்த உருவப்படக் கலைஞர்களுள் ஒருவராகப் போற்றப்படுகிறார்.

அந்தக் காலத்தில் படம் எடுப்பது விரல் நுனி வேலையாக இருக்கவில்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் கமராவில் வைத்து, ஈரம் போகுமுன் கழுவி எடுக்க வேண்டும். முன்னால் இருப்பவர் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். இதற்குச் சம்பளம் பெறும் மொடல்களை அவர் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை. டெனிசன், டார்வின் போன்ற பெரியவர்களையும் இருத்தினார். அயலார் பிள்ளைகளையும் இருத்தினார். தன் வீட்டு வேலைக்காரப் பெண்களையும் இருத்தினார். மேரி ஹிலியர் என்ற பணிப்பெண் அவருடைய படங்களில் எத்தனையோ தடவை மாதாவாக வந்தார். மேரி றையன், பிச்சை கேட்டு நின்ற தாயோடு கண்டெடுத்து வீட்டில் வளர்த்த பிள்ளை. லண்டனில் கண்காட்சிக்கு வைத்த படத்தில் அவளைக் கண்டு விரும்பிய ஹென்றி கொட்டன் என்பவர் 1867இல் அவளை மணந்தார். பின்னாளில், 1904இல், இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

கமரன் குடும்பத்துக்கு இங்கே மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே வந்துவிட்டார்கள். களுத்துறையிலும் மலைநாட்டிலும் வாழ்ந்தார்கள். 1879 ஜனவரியில் அந்த அம்மையார் டிக்கோயாப் பக்கத்தில் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியாள் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று மரியான் நோர்த் என்ற ஆங்கில ஓவியையின் படம். உலகெல்லாம் சுற்றிச் செடிகொடிகளை வரைந்தவர் அவர். 1877இல் களுத்துறைக்கு விருந்தினராக வந்த அவரை, கமரன் அம்மையார் கம்பளிச் சால்வைகளால் போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, உச்சி வெயிலில், தலையில் குத்தும் தென்னோலைகளுக்கு நடுவே நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். வெப்பமானியோ 96 பாகை பரனைற்று காட்டியதாம். இதையெல்லாம் நோர்த் தமது நினைவு நூலில் சிரிப்போடு எழுதி வைத்திருக்கிறார்.

அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒரு மனிதனுடைய முதுகின் அழகைக் கண்ட கமரன் அம்மையார், அவனைத் தோட்டக்காரனாக வைத்திருக்கும்படி மகனிடம் பிடிவாதமாக நின்றாராம். அங்கே பூந்தோட்டமும் இல்லை. அவனுக்கு அந்த வேலையும் தெரியாது. படம் எடுக்க அந்த முதுகு வேண்டியிருந்தது. அவன் பெயர் நூலில் இல்லை. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்திலோ, சிறுமிக்கு 12 வயதென்றும், தகப்பன் என்று நிற்கும் முதியவர் தமக்கு நூறு வயது என்று சொல்வதாகவும் குறிப்பு இருக்கிறது. வயதைக் கேட்டு எழுதியவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

நோர்த்துக்குக் கூலி இல்லை. அந்த மனிதர்களுக்குக் கூலி கிடைத்ததா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நோர்த்தின் கையில் பேனை இருந்தது. வெயில் சுட்டது, ஓலை குத்தியது என்று அவர் எழுதினார். மற்றவர்களுக்கு எங்கே சுட்டது, எது குத்தியது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

இந்தக் கதையை எங்கள் தோழி சொல்ல, நாங்கள் ‘ஐயோ பாவம்’ என்று கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டுவிட்டுப் போய் நாங்களும் அதையே செய்யப் பார்த்தோம் என்பதுதான் இன்று இந்த மேடையில் ஒப்புக்கொள்ள வேண்டிய விடயம்.

நாங்கள் எப்படித் திட்டமிட்டிருந்தோம் தெரியுமா? பழைய சமையலறை, கரிபிடித்த சுவர், கூரை ஓட்டையால் விழும் ஒளி, அடுப்புப் புகை, நடுவில் அகப்பையோடு அக்கா. படம் பிரமாதமாக வரும் என்று எங்களுக்குள் பேசி வைத்திருந்தோம். அக்கா வந்தார். நல்ல நீலச் சேலை கட்டி, தலை வாரி, பூவும் வைத்திருந்தார். சமையலறைப் பக்கம் திரும்பிய எங்களை நிற்பாட்டினார்.

“பிள்ளையள், அடுப்படியிலை வேண்டாம். முப்பது வருசம் அங்கைதானே நிண்டனான். என்னை ஒரு கதிரையிலை இருத்தி எடுங்கோ.”

எங்களுக்கு முகம் கறுத்துப்போயிற்று. மண்டபத்திலிருந்து கைபிடி வைத்த பழைய கதிரையைத் தூக்கி வந்தோம். வடக்குப் பக்க யன்னலுக்கு அருகே போட்டோம். அந்த நேரத்தில் அங்கே நேர்வெயில் விழவில்லை. முகத்தில் ஒளி மெதுவாகப் படும். மறுபக்க நிழலைக் குறைக்க நாங்கள் இருவர் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

இருந்தவுடன் அக்கா மெல்லக் கேட்டார்: “தங்கச்சி, இதுக்கு நான் எவ்வளவு தரவேணும்?”

அவருக்கு நாங்கள் என்ன கொடுப்பது என்று ஒருவரும் யோசித்திருக்கவில்லை. அவரோ, தன்னைப் படம் எடுப்பதற்குத் தான் காசு கொடுக்க வேண்டும் என்று எண்ணி, கைப்பையில் காசும் கொண்டு வந்திருந்தார். “ஒண்டும் தரவேண்டாம் அக்கா, நாங்கள்தான் உங்களுக்குத் தரவேணும்” என்றாள் எங்கள் தோழி. “அப்ப எனக்கு ஒரு படம் தாங்கோ. நான் செத்தால் வைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சால் பேய் மாதிரி இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எடுத்த படம்தான் இந்த மலரில் நீங்கள் காண்பது.

ஆனால் நாங்கள் எடுத்தவற்றுள் சிறந்த படம் அது அல்ல. பேச்சுவாக்கில் அக்கா தன் சிறுவயதைச் சொன்னார். ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தோடு வீட்டையும் பொருளையும் விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். தாயைப் பற்றிச் சொல்லும்போது கண் நிறைந்தது. எங்கள் தோழியின் விரல் தானாக அழுத்திவிட்டது. யன்னல் ஒளி, நீலச் சேலை, கன்னத்தில் இறங்கும் ஒரு துளி. சிறிய திரையில் பார்த்தபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை. மலரின் அட்டைக்கே இதைப் போடலாம் என்று நினைத்தோம்.

அக்காவிடம் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். “வடிவாய்த்தான் இருக்கு. ஆனால் இது நான் உங்களுக்குத் தந்தது இல்லை” என்றார். அவர் முன்னிலையிலேயே அந்தப் படத்தை அழித்தோம். அழித்தவளின் கை கொஞ்சம் நடுங்கியது உண்மை. அட்டையில் கல்லூரி வாசல் வந்ததன் காரணம் இதுதான்.

புறப்படுமுன், கமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த ஓர் இளம்பெண்ணின் படத்தைக் கைத்தொலைபேசியில் அக்காவுக்குக் காட்டினோம். “ஆர் இவ?” என்று கேட்டார். தெரியாது என்றோம். “இவ்வளவு வடிவாய் எடுத்தவ, பேரை ஒருக்கால் கேட்டிருக்கலாமே” என்றார். கமரன் அம்மையாரின் திறமையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அவர் எடுத்திராவிட்டால் அந்த முகங்களும் எங்களுக்கு மிஞ்சியிரா. ஆயினும் அக்கா சொன்னதற்கு மேலாக எங்களிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் எடுத்த ஒவ்வொருவருக்கும் நான்கு விடயங்களைக் கடைப்பிடித்தோம். எங்கே, எந்த உடையில், எப்படி இருப்பது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். எடுத்த படங்களை அவர்களுக்குக் காட்டி, அவர்கள் சம்மதித்ததையே மலரில் சேர்த்தோம். முழுப்பெயரையும் அவர்களைக் கொண்டே எழுதுவித்தோம். மலர் அச்சேறுமுன், சட்டமிட்ட ஒரு பிரதியை அவர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். கூலி வாங்காமல் எங்கள் முன் இருந்தவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் இது, இனாம் அல்ல.

அக்காவின் பெயரை இந்த மேடையில் நாங்கள் சொல்லவில்லை. “படத்துக்குக் கீழை போடுங்கோ, மேடையிலை கூப்பிட வேண்டாம், எனக்குக் கூச்சமாயிருக்கும்” என்று கேட்டுக்கொண்டார். மலரைத் திறந்து பாருங்கள். தலைப்பெழுத்தோடு, முழுப்பெயர், அவர் எழுதித் தந்தபடி இருக்கிறது.

சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலோ, ரொறன்ரோவிலோ, லண்டனிலோ, சிட்னியிலோ, எங்கிருந்தாலும் வீட்டுக்குப் போனதும் உங்கள் பழைய அல்பத்தை எடுங்கள். ஓரத்தில் நிற்பவர்களைப் பாருங்கள். பெயர் நினைவிருந்தால், படத்தின் பின்புறத்தில் மெல்லிய பென்சிலால் இன்றே எழுதிவிடுங்கள். பேனையால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடக்கூடும். நினைவில்லையென்றால் உங்கள் வகுப்புத் தோழிகளைக் கேளுங்கள். அவர்களுக்கும் மறந்துபோகுமுன் கேளுங்கள்.

அந்தப் பழைய விடுதிப் படத்தை இந்த மலரில் மறுபடியும் அச்சிட்டிருக்கிறோம். ‘விடுதி ஊழியர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெற்றுக் கோடு போட்டிருக்கிறோம். உங்களுள் யாருக்காவது அவர் பெயர் தெரிந்தால், அந்தக் கோட்டில் எழுதி, எங்களுக்கும் அறியத் தாருங்கள்.