வாயில்லாப் பிராணிக்கும் கண் வலிக்கும்



நாய் ஒரு கண்ணை இடுக்குகிறதா? நீர் வடிகிறதா? காலால் தேய்க்கிறதா? கருவிழியில் புண் இருக்கலாம். முள் குத்தினாலும், பூனை நகம் கீறினாலும் புண் வரும்.

பலர் வீட்டில் மீந்த சொட்டு மருந்தை விடுவார்கள். அது ஆபத்து. சில மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது புண்ணை ஆற விடாது. புண் ஆழமாகும். கண்ணே போய்விடும்.

பூனைக்குட்டிக்குச் சளி பிடித்தால் பீளை கட்டும். இமை ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்கக் கூடாது. காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்க வேண்டும்.

நாய்க்குட்டிக்குக் காய்ச்சல், சளியோடு பீளையும் வந்தால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். இதற்குத் தடுப்பூசி உண்டு.

கண்ணில் நோய் என்றால் அன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள். வாயில்லாப் பிராணி வலியைச் சொல்லாது. வளர்ப்பவர்தான் பார்த்து அறிய வேண்டும்.