ஊர் வளர்ச்சி என்பது என்ன?
(தென்காசியில் பேசியதன் சுருக்கம்)

2011-ம் வருஷ ஜனக்கணக்கில் தென்காசி நகரத்தின் ஜனத்தொகை 70,545. 2019-ல் தென்காசி தனி ஜில்லாவுமாயிற்று. இதனால் ஊர் வளர்ந்துவிட்டதென்று பெருமை கொள்ளுகிறோம். தலையை எண்ணினால் போதுமென்றால், ஆனி ஆடியில் குற்றாலமல்லவா பெரிய பட்டணம்? சாரல் நின்றால் அந்தக் கூட்டம் எங்கே?

ஊருக்கு உயிர், மானத்தோடு அங்கேயே வாழக்கூடிய ஜனங்களால்தான் உண்டு. 2022-ல் இந்த ஜில்லாவிலுள்ள பாஞ்சாகுளத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்புச் சிறுவர்களுக்கு ஒரு கடைக்காரர் மிட்டாய் விற்க மறுத்தார். போலீசார் கைது செய்தார்கள், கடையும் மூடப்பட்டது. சரி, அந்தப் பிள்ளைகள் நாளை பிழைப்புக்காக வெளியூர் போனால், எதற்காகத் திரும்பி வர வேண்டும்?

வாலிபர்கள் போய்விடுகிறார்களே என்று அழுகிறவர்களைக் கேட்கிறோம்: வேலையில்லாதது மட்டுமா காரணம்? மரியாதையும் இல்லையே! ஆகவே, முதலில் ஜாதியை ஊரைவிட்டுத் துரத்துங்கள். பிறகு பிள்ளைகளைத் தங்கச் சொல்லுங்கள்.