தவணை கேட்கும் புகைபோக்கி

(கட்சி ஊழியர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கடன்பட்ட உழவன் தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். வாயிலிலே அமீனா வந்து நிற்பார். அண்டாவும் குண்டாவும் தெருவுக்கு வரும். மின்கட்டணத்துக்கு நாள் கடந்தால் சிறு கடைக்காரரின் விளக்கு அணையும். ஆனால் அந்த மின்சாரத்தை ஆக்கித் தரும் நிலையம், சட்டம் விதித்த நாளைத் தவறவிட்டால் நடப்பது யாது? மறுதவணை! அதுவும் தவறினால் மற்றொரு தவணை! இறுதியிலே, பெரும்பாலோருக்கு விடுதலைப் பத்திரம்! இந்தக் கதையைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிலக்கரி அனல்மின் நிலையங்களுக்குப் புதிய விதிகளை அறிவித்தது. கந்தக டை ஆக்சைடு, ஒரு கன மீட்டர் புகையில், 500 மெகாவாட்டுக்குக் குறைந்த பழைய அலகுகளுக்கு 600 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட பழைய அலகுகளுக்கு 200. 2017க்குப் பின் வரும் அலகுகளுக்கு 100. பழைய நிலையங்கள் சீர்திருந்த இரண்டு ஆண்டு அவகாசம்.

2017 வந்தது, விதி நிறைவேறவில்லை. கெடு 2022க்கு நீண்டது. 2021இல் நிலையங்களை மூன்று வகையாகப் பிரித்து மேலும் நீட்டினர். 2022இல் மீண்டும் ஒரு நீட்டிப்பு. 2024 டிசம்பரில் மீண்டும் ஒன்று. 2027, 2028, 2029 எனக் கெடு ஓடியது. 2025 சூலையிலோ, மூன்றாம் வகையினருக்குக் கந்தக விதியிலிருந்தே விலக்கு! நாட்டின் அலகுகளில் ஏறத்தாழ 78 விழுக்காடு அந்த வகையைச் சேர்ந்தவை. பத்து ஆண்டுகள் காத்திருந்தவர்க்குப் பரிசு. விதியை மதித்துப் பொருள் செலவிட்டுக் கருவி பொருத்தியவர்க்கு நட்டம். இது நீதியா?

அந்தக் கருவி ஒன்றும் மாயவித்தை அன்று. வெளியேறும் புகையின் மீது சுண்ணாம்புக்கல் கூழைத் தெளிக்கிறார்கள். கந்தகம் அதிலே பிடிபட்டு ஜிப்சம் ஆகிறது. அந்த ஜிப்சம் சிமென்ட் ஆலைக்குப் பயன்படுகிறது.

ஆளவந்தார் கூறும் காரணங்களையும் மறைக்காமல் கூறுகிறேன். "இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, நிலையங்களைச் சுற்றியுள்ள காற்றிலும் அது வரம்புக்குள் இருக்கிறது, கருவி பொருத்தினால் மின்விலை ஏறும்" என்கின்றனர். கந்தகம் குறைவு என்பது மெய். எரிக்கும் நிலக்கரியோ மலை மலையாய்! மேலும், கந்தக டை ஆக்சைடு வானிலே வாயுவாகவே நின்றுவிடுவதில்லை. சல்பேட் என்னும் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, நுரையீரலின் ஆழத்தில் இறங்குகிறது. பெருநகரிலிருந்து 10 கிலோமீட்டர் என்று கோடு கிழித்து வகை பிரிக்கிறார்களே, காற்றுக்கு அந்தக் கோடு தெரியுமா? விலை ஏறும் என்கிறார்களே, அந்த விலையை ஆஸ்துமாக் குழந்தையின் தாய் மருந்துக்கடையிலே இன்றே செலுத்திக்கொண்டிருக்கிறாள் அன்றோ!

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1981ஆம் ஆண்டின் காற்றுச் சட்டத்தில், ஆலையை மூடவும் மின்னிணைப்பைத் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உண்டு. ஆனால் 2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம், விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனையை அகற்றி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று மாற்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மெகாவாட் அலகு முழு அளவில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் 5 லட்சம் யூனிட். யூனிட் மூன்று ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் 15 லட்சம் ரூபாய். உச்ச அபராதம் ஒரு மணி நேர உற்பத்திக்கு ஈடு!

தோழர்களே, டில்லியை மட்டும் சாடிவிட்டு நாம் தப்ப முடியாது. வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள் மாநில அரசுக்குச் சொந்தம். அவற்றைக் கண்காணிக்கும் வாரியமும் மாநில அரசுக்கு உட்பட்டது. காவலும் அவரே, காவலுக்கு உட்பட்டவரும் அவரே! மாநில உரிமைக்குக் குரல் கொடுக்கும் நாம், மாநிலக் கடமைக்கும் குரல் கொடுக்க வேண்டாமா? கோட்டையில் அமர்ந்திருப்பவர் யாராயினும், எண்ணூரின் மீனவர் சுவாசிக்கும் காற்று ஒன்றே.

லண்டனில் 1952 டிசம்பரில் ஐந்து நாள் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளை மாற்ற மக்களுக்கு உதவித்தொகையும் வந்தது. விதித்ததோடு நில்லாமல், நிறைவேறவும் வழி செய்தனர்.

ஆகவே நமது பணி என்ன? நிலையங்களை மூடு என்பதல்ல நம் முழக்கம். அங்கே உழைப்போரும் நம்மவரே, முதலில் அந்தப் புகையை உண்பவரும் அவர்களே. புகைபோக்கியில் பொருத்திய கருவி காட்டும் அளவைத் தமிழிலே, வாயிற்பலகையிலே, அன்றாடம் எழுதச் சொல்லுங்கள். வாரியம் வழங்கிய இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி கேட்டுப் பெறுங்கள். புதிய அலகுக்குக் கருத்துக்கேட்பு நடந்தால், ஊர் மக்களோடு முன்வரிசையில் அமருங்கள். விலக்கு அளித்த ஆணையைத் திரும்பப் பெறச் சொல்லித் தெருமுனைகளிலே பேசுங்கள்.

புகைபோக்கி பத்து ஆண்டு தவணை கேட்டது, கொடுத்தார்கள். மனிதனின் மூச்சோ ஐந்து நிமிடத் தவணைகூடத் தாங்காது. இதை வீடு வீடாகச் சென்று சொல்லுங்கள். மக்கள் விழித்தால், உறங்கும் சட்டமும் விழிக்கும்!